தெருவில்தான் நடக்கும்

1

ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் கடைசி வாரம் நெருங்கும்போது லண்டன் தமிழ் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றத் தொடங்கும். “லாங் வீக்கெண்டு ஞாயிறு, திங்கள் நாட்டிங் ஹில் பக்கம் போகாதீங்க. குழந்தைங்களோட இருக்கிறவங்க கண்டிப்பா தவிர்க்கவும்.” கீழே பத்துக் கும்பிடும் கைகள். ஒருவர் பழைய கத்திக்குத்துச் செய்தி ஒன்றின் லிங்க்கைப் போடுவார். இன்னொருவர், பொறுப்பான ஐ.டி. மனிதர், நடுநிலையாகப் பேசுவார்: “கலாச்சாரம் எல்லாம் சரிங்க. ஆனா ஏன் தெருவுல? ஹைட் பார்க்குல வேலி போட்டு, டிக்கெட் வெச்சு நடத்தலாமே.” அதற்கு இருபது கட்டைவிரல் விழும்.

இந்தக் கட்டுரை அந்த நடுநிலையாளருக்கு. லிங்க் போட்டவரோடு எனக்குச் சண்டை இல்லை. அவருக்குப் பயம். புது நாட்டில் கைக்குழந்தையோடு இருப்பவருக்குப் பயம் வருவது இயல்பு. நடுநிலையாளரின் கதை வேறு. அவர் கார்னிவலை ஆதரிப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார். நடத்தாதே என்றா சொன்னேன், பாதுகாப்பாக நடத்து என்றுதானே சொல்கிறேன் என்பார். வேலி, டிக்கெட், மைதானம் மூன்றையும் சேர்த்தால் கிடைப்பது ஓர் இசை நிகழ்ச்சி. நல்ல இசை நிகழ்ச்சியாகவே இருக்கலாம். அதற்குக் கார்னிவல் என்று பெயர் வைப்பது, தேரை நிலையிலேயே நிறுத்திவிட்டுத் தேரோட்டம் முடிந்தது என்று சொல்வதற்குச் சமம்.

இன்னொரு விஷயம். அந்த வாக்கியத்தைத் தானே யோசித்துக் கண்டுபிடித்ததாக அவர் நம்புகிறார். இல்லை. அதற்கு நூற்றி நாற்பது வயது. அதை முதலில் சொன்னவர்கள் பிரிட்டிஷ் காலனி அதிகாரிகள். அந்த வாக்கியத்தின் பெயரால், கடல் கடந்து போன இந்தியக் கூலித் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். தெரியாமல் சொல்வதற்கு முன் தெரிந்துகொள்ளட்டுமே என்றுதான் எழுதுகிறேன்.

2

டிரினிடாடுக்குக் கார்னிவலைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தத் தீவுக்குக் குடியேறிய அவர்கள், தவக்காலம் தொடங்கும் முன் மாளிகைகளில் முகமூடி நடனம் வைத்துக்கொள்வார்கள். அடிமைகளுக்கு அதில் இடம் கிடையாது. அதாவது, முதல் கார்னிவல் சுவருக்குள்ளே, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் நடந்தது. நம் நடுநிலையாளர் கேட்கும் அத்தனை வசதியும் அதில் இருந்தது.

1834இல் சட்டத்திலும் 1838இல் நடைமுறையிலும் அடிமைமுறை முடிந்தது. விடுதலையானவர்கள் கார்னிவலைத் தெருவுக்கு இழுத்து வந்தார்கள். அவர்கள் கொண்டுவந்த ஊர்வலத்துக்கு ‘கான்புலே’ என்று பெயர். எரிந்த கரும்பு என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களிலிருந்து வந்தது. கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால் நள்ளிரவானாலும் அடிமைகளைச் சாட்டையடித்து ஓட்டிவருவார்கள், நெருப்பை அணைக்கவும் மிஞ்சிய கரும்பை வெட்டவும். அந்தக் காட்சியைத் தீப்பந்தத்தோடும் முரசோடும் தெருவில் நடித்துக் காட்டினார்கள். ஒரு காலத்தில் எந்தத் தெருவில் சாட்டையால் ஓட்டப்பட்டார்களோ, அதே தெருவில், தம் விருப்பத்துக்கு, தம் வேகத்தில் நடந்தார்கள். அதிகாரிகளை உறுத்தியது அதுதான்.

1881இல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் காவல்துறைத் தலைவர் கேப்டன் பேக்கரின் ஆட்கள் கான்புலேயைத் தடுக்க இறங்கினார்கள். தடியும் தடியும் மோதின. அதன் பிறகு சட்டங்கள் வந்தன. தீப்பந்தம் கூடாது, கம்போடு கூட்டமாக வரக் கூடாது, தெருவில் முரசு கூடாது. காரணம் என்ன எழுதினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பொது அமைதி.

இங்கேதான் நாம் வருகிறோம். 1845 முதல் 1917 வரை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டிரினிடாடுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தா வழியாகப் போன வட இந்தியர்கள். ஒரு பகுதியினர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். தோட்டங்களில் அவர்கள் கொண்டாடிய பெரிய விழா ‘ஹோசே’, அதாவது முஹர்ரம். முஸ்லிம்களின் துக்க விழாதான். ஆனால் அங்கே இந்துக்களும் சேர்ந்து நடத்தினார்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினரும் கலந்துகொண்டார்கள். மூங்கிலாலும் காகிதத்தாலும் செய்த தாஜியாக்களைச் சுமந்து, தாஸா முரசு அடித்துக்கொண்டு ஊர் வழியாகக் கடலுக்குப் போய்க் கரைப்பார்கள்.

1884இல் அதற்கும் உத்தரவு வந்தது. விழா வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் தோட்டத்துக்குள் நடத்திக்கொள்ளுங்கள், ஊருக்குள் வராதீர்கள் என்றார்கள். தொழிலாளர்கள் மனு கொடுத்துப் பார்த்தார்கள். கேட்கவில்லை. அக்டோபர் 30ஆம் தேதி வழக்கம் போல சான் ஃபெர்னாண்டோ நகரை நோக்கி நடந்தார்கள். நகரின் நுழைவாயில்களில் போலீஸ் சுட்டது. குறைந்தது 16 பேர் செத்தார்கள், நூறு பேருக்கு மேல் காயம். விசாரிக்க வந்தவர் ஜமைக்காவின் கவர்னர். அதிகாரிகள் மேல் தவறில்லை என்று அறிக்கை எழுதிவிட்டுப் போனார்.

“உள்ளே நடத்திக்கொள், தெருவுக்கு வராதே.” இப்போது ஹைட் பார்க் யோசனையை மறுபடி படித்துப் பாருங்கள்.

3

முரசைத் தடைசெய்தபோது மூங்கிலை எடுத்தார்கள். வெவ்வேறு நீளத்தில் வெட்டிய மூங்கில் குழாய்களைத் தரையில் இடித்தும் ஒன்றோடொன்று தட்டியும் தாளம் எழுப்பினார்கள். ‘டம்பூ பம்பூ’ என்று பெயர். ஆனால் மூங்கில் பிளந்துவிடும். 1930களின் இறுதியில் பெயிண்ட் டப்பா, பிஸ்கட் டின், குப்பைத்தொட்டி மூடி, பழைய காரின் பிரேக் டிரம் என்று உலோகத்துக்கு மாறினார்கள். அடிபட்டுத் தகரம் நெளிந்த இடத்தில் ஒலி மாறுவதைக் கவனித்தார்கள். போர்க்காலத்தில், 1942 முதல், தெருக் கார்னிவல் தடைசெய்யப்பட்டது. அந்த ஆண்டுகளில் கொல்லைப்புறங்களில் பையன்கள் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தார்கள். 1945இல் போர் முடிந்த அறிவிப்பு வந்ததும் அவர்கள் தெருவில் இறங்கியபோது கையில் இருந்தது தாளக்கருவி மட்டுமல்ல, சுரம் பேசும் தகரம்.

இந்தக் கதையை உலகம் சொல்லும் விதம் எனக்குக் கடும் எரிச்சல் தருவது. ‘குப்பையிலிருந்து பிறந்த இசை’, ‘வறுமையிலும் சிரிக்கும் தீவு மக்கள்’, ‘சூரியன், கடல், ரம், ஸ்டீல்பான்’. பயண விளம்பரங்களில் அந்த ஒலி கேட்டாலே தென்னை மரம் அசையும். பொறியியல் படித்தவனாகச் சொல்கிறேன்: ஸ்டீல்பான் ஒரு குதூகலமான விபத்து இல்லை. பரிசோதனைக்கூடம் இல்லாதவர்கள், போலீஸுக்கு ஒளிந்துகொண்டு, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்து முடித்த ஆராய்ச்சி அது.

ஓர் எண்ணெய் டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். 55 கேலன், ஏறத்தாழ 208 லிட்டர். எண்ணெய் வளமுள்ள தீவில், அமெரிக்கப் படைத்தளம் இருந்த தீவில், அது தாராளமாகக் கிடைத்தது. தட்டையான அடிப்பக்கத்தைச் சம்மட்டியால் அடித்துக் கிண்ணமாகக் குழிக்க வேண்டும். அடிக்க அடிக்கத் தகடு மெலியும். ஓரிடத்தில் கூடுதலாக மெலிந்தால் கிழிந்துவிடும், மொத்தமும் வீண். குழித்த பரப்பில் ஒவ்வொரு சுரத்துக்கும் எல்லை வகுத்துப் பள்ளக்கோடு இட வேண்டும். பக்கச்சுவரை வேண்டிய உயரத்துக்கு வெட்ட வேண்டும்: உச்சஸ்தாயி பானுக்கு ஒரு சாண் போதும், பேஸ் பானுக்கு முழு டிரம்மும் வேண்டும். பிறகு நெருப்பில் காய்ச்சி ஆறவிட வேண்டும். அதன் பின்தான் உண்மையான வேலையே. சிறு சுத்தியலால் மேலிருந்தும் கீழிருந்தும் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும்.

சுருதி என்றால் ஒரு சுரத்துக்கு ஓர் அதிர்வெண் என்று நினைக்காதீர்கள். அந்தச் சின்ன நீள்வட்டப் பரப்புக்குள் அடிப்படைச் சுரமும், அதன் மேல் ஸ்தாயியும், பல நேரம் அதற்கும் மேலே ஒரு பஞ்சமமும் தனித்தனியாகச் சேர்க்கப்படுகின்றன. அதனால்தான் அந்த ஒலியில் அப்படியொரு மினுக்கம். இத்தனைக்கும் எல்லாச் சுரங்களும் ஒரே தகட்டில் இருக்கின்றன. ஒன்றைத் தட்டிச் சரிசெய்தால் பக்கத்தில் இருப்பது கலையும். எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கும் பழைய கோடுபேஸில் பக் சரிசெய்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். நமக்காவது பழைய வெர்ஷனுக்குத் திரும்பும் வசதி உண்டு. அடித்த தகட்டை அடிக்காததாக்க முடியாது.

எண்ணெய் டிரம்மைப் பயன்படுத்தியதிலும், வெளிப்பக்கம் புடைத்த தகட்டை உள்ளே குழித்ததிலும் முன்னோடி எல்லி மனெட். பிற்காலத்தில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலேயே இந்தக் கலையைக் கற்பித்தார். 1950களில் ஆந்தனி வில்லியம்ஸ் சுரங்களைச் சிலந்திவலை போன்ற வட்டத்தில் அடுக்கினார். எந்தச் சுரத்தை எடுத்தாலும் அதன் பஞ்சமம் பக்கத்திலேயே இருக்கும். ச-ப, ச-ப என்று பன்னிரண்டு சுரமும் ஒரு வட்டத்தைச் சுற்றி வந்துவிடும். நம் இசையில் வட்டப்பாலை பற்றிக் கேள்விப்பட்டவர்கள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காரலாம். இதில் ஓர் ஒலியியல் காரணம் உண்டு: ஒரு சுரத்தை அடிக்கும்போது பக்கத்துப் பரப்பு லேசாக அதிர்ந்தாலும் அது உறவுச் சுரமாக இருப்பதால் காதை உறுத்தாது. கசிவைத் தடுக்க முடியாதபோது, கசிவது இனிமையாக இருக்கும்படி அமைத்தார். இதைப் படைப்பு என்று சொல்லாமல் ‘குப்பையிலிருந்து பிறந்த குதூகலம்’ என்று சொல்பவனுக்கு என்ன பதில் சொல்வது?

அன்றைக்கு இவர்களுக்குக் கிடைத்த பெயர் ரவுடிகள். குழுக்களும் தங்களுக்கு அப்படித்தான் பெயர் வைத்துக்கொண்டன: இன்வேடர்ஸ், டெஸ்பராடோஸ், டோக்கியோ, கஸாபிளாங்கா. பெரும்பாலும் அன்றைய சினிமாவிலிருந்தும் போர்ச் செய்திகளிலிருந்தும் எடுத்தவை. நல்ல குடும்பத்துப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று அங்கேயும் சொன்னார்கள். 1992இல் அதே ஸ்டீல்பான் நாட்டின் தேசிய இசைக்கருவி ஆனது. 2001இல், ஸ்டீல்பானை இயந்திர அழுத்தத்தில் வார்க்கும் ஒரு தயாரிப்பு முறைக்கு அமெரிக்கர் இருவருக்குக் காப்புரிமை கிடைத்தது, டிரினிடாட் கொதித்தது. காப்புரிமை கருவிக்கு அல்ல, தயாரிப்பு முறைக்குத்தான். ஆனாலும் அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. சம்மட்டியால் அடித்தபோது அது ரவுடித்தனம், இயந்திரம் அழுத்தினால் அறிவுச்சொத்து. 2023இல் ஐ.நா. சபை ஆகஸ்ட் 11ஐ உலக ஸ்டீல்பான் தினமாக அறிவித்தது. 2025இல் டிரினிடாட் தன் அரசுச் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களையும் எடுத்துவிட்டு அங்கே ஸ்டீல்பானை வைத்தது. தாமதம்தான், ஆனால் சரியான இடமாற்றம்.

4

சரி, லண்டனுக்கு வருவோம். 1948 ஜூனில் ‘எம்பயர் விண்ட்ரஷ்’ கப்பல் கரீபியர்களை ஏற்றிக்கொண்டு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. போரில் சிதைந்த நாட்டுக்கு ஆள் தேவைப்பட்டது. பஸ் ஓட்டவும், மருத்துவமனையில் தரை துடைக்கவும், நோயாளியைத் தூக்கவும் வந்தார்கள். 1951இல் ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ விழாவுக்கு டிரினிடாட் தன் ஸ்டீல்பேண்ட் ஒன்றை அனுப்பியது. துருப்பிடித்த டிரம்களைப் பார்த்துச் சிரித்த கூட்டம் வாசிப்பைக் கேட்டு அசந்துபோனதாகச் சொல்வார்கள். அந்தக் குழுவில் ஒருவரான ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் ஊர் திரும்பாமல் லண்டனிலேயே தங்கிவிட்டார். அவர் பெயரை நினைவில் வையுங்கள்.

நாட்டிங் ஹில் அப்போது இன்றைக்குப் போலப் பணக்காரப் பேட்டை இல்லை. ஒழுகும் கூரை, ஓர் அறையில் ஒரு குடும்பம், வாடகைக்கு அடியாள் அனுப்பும் வீட்டுக்காரர்கள். பல வீடுகளின் ஜன்னலில் கறுப்பர்களுக்கு வாடகைக்கு இல்லை என்று அட்டை தொங்கிய லண்டனில், அவர்களுக்குக் கிடைத்த இடம் அது. 1958 ஆகஸ்ட் கடைசியில் வெள்ளைக்கார இளைஞர் கும்பல்கள் கம்பியும் சங்கிலியும் பாட்டிலுமாகக் கறுப்பர்களைத் தெருத்தெருவாக வேட்டையாடின. பல நாள் நடந்தது.

கிளாடியா ஜோன்ஸ் என்றொரு பெண். டிரினிடாடில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த கம்யூனிஸ்ட். அமெரிக்கா சிறையில் போட்டு, 1955இல் நாடு கடத்தியது. லண்டனில் கரீபியர்களுக்காகப் பத்திரிகை நடத்தினார். அந்தக் கலவரத்துக்கு ஐந்தே மாதம் கழித்து, 1959 ஜனவரி 30 அன்று, செயின்ட் பாங்க்ரஸ் டவுன் ஹாலில் கார்னிவல் நடத்தினார். பிபிசி அதை ஒளிபரப்பியது. மலரில் ஒரு குறிப்பு இருந்தது: வருமானத்தின் ஒரு பகுதி, கலவர வழக்குகளில் சிக்கிய இளைஞர்களின் அபராதத்தைக் கட்ட உதவும். கறுப்பு இளைஞர்கள், வெள்ளை இளைஞர்கள் இருதரப்பையும் குறிப்பிட்டிருந்தார்கள்.

“பாத்தீங்களா, லண்டனின் முதல் கார்னிவலே ஹாலுக்குள்ளதான்” என்று நடுநிலையாளர் இங்கே குறுக்கிடலாம். உண்மைதான். ஜனவரிக் குளிர் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அந்த வருடத்தின் மே மாதம் சொல்கிறது. ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்ஸோ காக்ரேன், நாட்டிங் ஹில் பகுதியில் இரவு வீட்டுக்கு நடந்துபோகும்போது வெள்ளைக்கார இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தெரு இவர்களுக்கு இல்லாததால் ஹாலுக்குள் நடந்தது. ஹால் அவர்களுடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

1966இல் ரோன் லாஸ்லெட் என்ற சமூகப் பணியாளர் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா ஏற்பாடு செய்தார். ரஸ்ஸல் ஹெண்டர்சனின் ஸ்டீல்பேண்டையும் அழைத்திருந்தார். கழுத்தில் பானைத் தொங்கவிட்டு வாசித்தவர்களில் ஒருவர் அதே ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட். நின்ற இடத்தில் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், கொஞ்சம் நடந்து பார்ப்போமே என்று தெருவில் இறங்கினார்கள். ஜன்னல்கள் திறந்தன. ஆட்கள் பின்னால் வந்தார்கள். நாட்டிங் ஹில் கார்னிவல் அப்படித்தான் ஊர்வலமானது. கெல்ஸோ காக்ரேன் கொல்லப்பட்டு ஏழு வருடம் ஆகியிருந்தது.

டிரினிடாடில் மாளிகையிலிருந்து தெருவுக்கு. லண்டனில் ஹாலிலிருந்து தெருவுக்கு. இரண்டு முறையும் ஒரே திசை. மைதானத்துக்குள் போ என்று சொல்பவர் அந்தத் திசையைத் திருப்பச் சொல்கிறார்.

அதற்குப் பிறகும் தெரு சும்மா கிடைக்கவில்லை. ஆல் செயின்ட்ஸ் ரோட்டில் ஃபிராங்க் கிரிச்லோ நடத்திய ‘மாங்க்ரோவ்’ உணவகத்தில் ஒன்றரை வருடத்தில் பன்னிரண்டு முறை போலீஸ் சோதனை. அதை எதிர்த்து 1970இல் நடந்த ஊர்வலத்துக்காக ஒன்பது பேர் மேல் கலகக் குற்றச்சாட்டு. 55 நாள் விசாரணைக்குப் பின் கலகக் குற்றச்சாட்டிலிருந்து ஒன்பது பேரும் விடுவிக்கப்பட்டார்கள். போலீஸ் தரப்பிலும் இனவெறுப்பு இருந்ததை நீதிபதியே ஒப்புக்கொண்டார். 1976 கார்னிவலில் முந்தைய ஆண்டைவிடப் பல மடங்கு போலீஸைக் குவித்தார்கள். 1824ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைக் காட்டி, சந்தேகம் என்ற ஒற்றைக் காரணத்துக்காகக் கறுப்பு இளைஞர்களைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. கலவரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட போலீஸார் காயத்தோடு மருத்துவமனைக்குப் போனார்கள். தடைசெய், மைதானத்துக்கு மாற்று என்ற குரல் அன்றிலிருந்து ஓயவில்லை.

5

இப்போது பாதுகாப்பு. மழுப்பாமல் பேசுவோம். 2024 கார்னிவலை ஒட்டி இருவர் கொல்லப்பட்டார்கள். ஒருவர் தன் சிறு குழந்தையோடு வந்திருந்த தாய். அந்தக் குடும்பத்திடம் போய் வரலாறு பேச எனக்கு வாய் வராது. கத்தியோடு வருபவனைப் பிடிக்க வேண்டும், தண்டிக்க வேண்டும். இதில் இரண்டாவது கருத்து கிடையாது.

ஆனால் வாட்ஸப்பில் சுற்றுவது அந்தத் துக்கம் இல்லை, ஓர் எண். அந்த ஆண்டு 300க்கும் மேற்பட்டோர் கைது. இரண்டு நாளில் பத்து லட்சத்துக்கும் மேல் ஆட்கள் வரும் இடத்தில் அது பத்தாயிரத்தில் மூன்று நான்கு பேர். தினமும் ஏறக்குறைய ஏழாயிரம் போலீஸாரை நிறுத்தி, போகிறவர் வருகிறவர் பையைத் தடவிப் பார்த்தால் இந்த எண் வரும். வகுக்கும் எண்ணைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லும் டேஷ்போர்டை ஆபீசில் யாராவது காட்டினால் நாம் என்ன சொல்வோம்? இங்கே மட்டும் ஏன் வாய் மூடிக்கொள்கிறோம்?

உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அது நெரிசல். சதுர மீட்டருக்கு ஐந்தாறு பேரைத் தாண்டினால் கூட்டம் திரவம் போல நகரத் தொடங்கும். தனி மனிதனின் காலுக்கு அதில் வேலை இல்லை. நாட்டிங் ஹிலின் குறுகலான தெருக்களில் இது வெறும் கற்பனை இல்லை. ஆனால் இதற்கு வேலியும் டிக்கெட்டும் மருந்தா? 1989இல் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் 97 பேர் உயிர் போகக் காரணமான நெரிசல் டிக்கெட் வாங்கியவர்களிடையே, கம்பி வேலிக்குள் நடந்தது. வெளியேற விடாமல் தடுத்தது அந்த வேலிதான். 2021இல் ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்டு நிகழ்ச்சியில் பத்துப் பேர் இறந்ததும் வேலிக்குள்ளேதான். நெரிசல் ஒரு பொறியியல் பிரச்சினை. ஒருவழிப் பாதை, திறந்திருக்கும் பக்கத்தெரு, பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள், எங்கே அடர்த்தி கூடுகிறது என்று பார்க்கும் கண். இதற்குப் பணம் வேண்டும். 2025இல் லண்டன் மேயர் அலுவலகமும் இரண்டு உள்ளாட்சிகளும் சேர்ந்து கிட்டத்தட்ட பத்து லட்சம் பவுண்டு கொடுத்தன, விழா நடந்தது. அவ்வளவுதான் விஷயம்.

பணம் வேறெங்கே போகிறது என்றும் பாருங்கள். லண்டன் போலீஸ் முகத்தை அடையாளம் காணும் மென்பொருளைத் தெருவில் முதன்முதலாகச் சோதித்த இடம் 2016 நாட்டிங் ஹில் கார்னிவல். 2017இல் மறுபடியும், 2025இல் மறுபடியும். இதற்கு நடுவே 2018இல் ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ரூவும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களில் வெளுத்த நிற ஆண்களுக்குப் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. கறுத்த நிறப் பெண்களுக்கு அதிகபட்சம் 34.7 சதவீதம். அது வேறு வகை மென்பொருள்தான். ஆனால் எந்தத் தரவால் பயிற்றுவித்தோமோ அந்த முகங்களைத்தான் இயந்திரம் நன்றாகப் பார்க்கும் என்பது நம் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். முடிவடையாத மென்பொருளை யார் மேல் டெஸ்ட் செய்வது என்று யோசித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் கூட்டம். அந்தக் கேமராவுக்கு முன்னால் போனால் நம் முகமும் கறுத்த முகம்தான் என்பதைக் குழுவில் இருக்கும் நண்பர்கள் யோசித்துக்கொள்ளட்டும்.

6

எதிர்ப்பவர்களை மட்டும் சொல்லி முடித்தால் நியாயமாகாது. கார்னிவலை ஆதரிப்பவர்களிலும் ஒரு வகையினர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ‘லண்டன் பொருளாதாரத்துக்கு எவ்வளவு வருமானம் தெரியுமா’ என்று ஆரம்பிப்பார்கள். 2003இல் லண்டன் வளர்ச்சி முகமை வெளியிட்ட கணக்கு 9.3 கோடி பவுண்டு. அதன் பிறகு வந்த கணக்குகள் இன்னும் பெரியவை. உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் வருமானத்தைக் காட்டி வாதாடத் தொடங்கினால், ஹைட் பார்க்கில் டிக்கெட் போட்டால் இன்னும் கூடுதலாக வருமே என்ற கேள்விக்கு என்ன பதில்? உரிமையை லாபக் கணக்கில் எழுதினால், ஒரு நாள் நஷ்டக் கணக்கு காட்டி அதைப் பிடுங்குவார்கள்.

இன்னொரு வகை ‘வண்ணமயமான பன்முகத்தன்மை’ கோஷ்டி. இறகு வைத்த பெண்ணின் படம் போடுவார்கள், நிறுவனங்களின் சமூக வலைத்தளப் பக்கங்களில் அன்றைக்கு மட்டும் டிரம் எமோஜி பறக்கும். அந்த இறகை ஒட்ட மாதக்கணக்கில் இரவு கண்விழித்தவர்கள் யார், ஸ்டீல்பேண்ட் பயிற்சி செய்ய இடமும் கருவிகளை வைக்கக் கூரையும் இருக்கிறதா என்று கேட்க மாட்டார்கள். மேற்கு லண்டனில் சதுர அடி விற்கும் விலையில், சத்தம் போடும் ஏழைக் கலைக்கு இடம் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஒருகாலத்தில் யாரும் வாழ விரும்பாத வீடுகள் இப்போது பல மில்லியன் பவுண்டு. கார்னிவலுக்கு இரண்டு நாள் முன்பு அந்த வீடுகளின் வாசலை ஒட்டுப்பலகை அடித்து மூடுவார்கள். உரிமையாளர்கள் பலர் ஊருக்குப் போய்விடுவார்கள். வாசலில் சிறுநீர் கழிப்பது, சுவரேறுவது என்று அவர்கள் சொல்லும் புகார்கள் பொய் இல்லை. கழிப்பறையும் குப்பை வண்டியும் கூட்டித் தர வேண்டியது நகர நிர்வாகம். ஆனால் கார்னிவல் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டது என்று அவர்கள் சொல்லும்போது, யார் எங்கே வந்தார்கள் என்ற வரிசையைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

அதே நகராட்சிக்குள், கார்னிவல் பாதைக்கு மிக அருகில், கிரென்ஃபெல் டவர் நின்றது. 2017 ஜூன் 14 அதிகாலையில் எரிந்தது. 72 பேர் இறந்தார்கள். எளிதில் தீப்பற்றும் பொருளால் கட்டடத்தின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருந்தார்கள். குடியிருந்தவர்கள் பல ஆண்டுகளாகத் தீ ஆபத்து பற்றி எழுதியும் பேசியும் யாரும் காதில் வாங்கவில்லை. இறந்தவர்கள் பல நாட்டிலிருந்து வந்தவர்கள், பெரும்பாலும் எளியவர்கள். அந்த ஆகஸ்டில் கார்னிவல் வேண்டாம் என்று சிலர் சொன்னார்கள். நடத்தினார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு அத்தனை ஸ்பீக்கரும் அணைந்தது, அத்தனை பானும் நின்றது. பிறகு வந்த வருடங்களில் அது 72 விநாடி மௌனமாக ஆனது, ஓர் உயிருக்கு ஒரு விநாடி. லட்சக்கணக்கானோர் நிற்கும் தெருவில், எரிந்த கட்டடத்துக்குக் கூப்பிடு தூரத்தில்.

தெருவில் நடக்க வேண்டும் என்று இவர்கள் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. செத்தவர்களும் இருப்பவர்களும் வாழ்ந்த இடம் அது. அடித்து விரட்டப் பார்த்ததும், அபராதம் கட்ட வைத்ததும், வாடகை ஏற்றி வெளியேற்றியதும் அங்கேதான். வருடத்தில் 363 நாள் அந்தத் தெருவில் அவர்களில் பலருக்கு வீடு வாங்க முடியாது. மிச்சம் இரண்டு நாள். அதையும் பஸ் ஏற்றி ஹைட் பார்க்குக்கு அனுப்புவோம் என்பதற்குப் பெயர் நடுநிலை என்றால், அந்த நடுநிலை நமக்கு வேண்டாம்.

லண்டனில் இருக்கும் தமிழ் நண்பர்களுக்கு ஒன்று. கூட்டம் பயமாக இருந்தால் சனிக்கிழமையே போங்கள். எம்ஸ்லி ஹார்னிமன் பூங்காவில் ஸ்டீல்பேண்டுகளின் பனோரமா போட்டி நடக்கும். ஒவ்வொரு குழுவும் ஒரே ஒரு பாடல், பெரும்பாலும் எதிரில் தாள் இல்லாமல். மருத்துவமனையில் வேலை பார்ப்பவர், பள்ளி மாணவி, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். பேஸ் பான் வாசிப்பவரைப் பாருங்கள். சுற்றி ஆறு, ஒன்பது முழு டிரம்கள், நடுவில் அவர் சுழன்றுகொண்டிருப்பார். குழந்தைகளைக் கூட்டிப்போங்கள், அவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மறுநாள் தெருவுக்குப் போவதா வேண்டாமா என்று அதன் பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள்.